ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்: ஒரு ஜப்பானிய வாளும், பாட்டியை நினைத்து வாங்கிய பதக்கமும்

பட்டர்வொர்த்வாசி
திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். ஆறேழு மாதமாக இங்கே படித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. ஒரு பொருளை வாங்கிவிட்டேன், இன்னொன்றை வாங்குவதா வேண்டாமா என்று தவிக்கிறேன்.

வாங்கியது ஒரு நட்சத்திரப் பதக்கம். ஜார்ஜ் டவுனில் பழைய சாமான் விற்கும் ஒருவர், "நேதாஜி கொடுத்த ஆசாத் ஹிந்த் பதக்கம், இங்கேயே ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்தது" என்றார். என் பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். அவர் காலமாகிப் பதினொரு வருடம் ஆகிறது. அவரிடமும் இப்படி ஒன்று இருந்திருக்குமோ என்று நினைத்த அந்த நொடியிலேயே 650 ரிங்கிட்டை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அதே மனிதர் ஒரு வாளைக் காட்டினார். 1945இல் பினாங்கில் சரணடைந்த ஜப்பானியக் கேப்டனின் பரம்பரை வாளாம். விலை 3,800 ரிங்கிட். "ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வருகிறார், அதற்குள் சொல்லுங்கள்" என்கிறார். கைப்பிடி முழுவதும் உலோகம். நாடா சுற்றியது போல வார்த்து, பழுப்பு வண்ணம் பூசியிருக்கிறார்கள். கைக்காப்பு பித்தளை. உறை பச்சை வண்ணம் அடித்த இரும்பு. கத்தியின் அடிப்பகுதியில் ஓர் எண் இருக்கிறது. அசல்தானா?

பழையவாள் (ஆயர் ஈத்தாம்)
திங்கள், இரவு 10.25

தம்பி, பாதி பதில் உங்கள் வர்ணனையிலேயே இருக்கிறது. நாடா சுற்றியது போல வார்த்த உலோகக் கைப்பிடி என்றால் அது கேப்டனின் வாள் அல்ல. அது 95ஆம் ரகம். சார்ஜண்ட் நிலையில் இருந்தவர்களுக்கு இராணுவமே கொடுத்த வாள். ஜப்பானியரின் பழைய ஆண்டுக் கணக்கில் 2595 என்பது நமக்கு 1935. அதன் கடைசி இரண்டு எண்கள்தான் ரகத்தின் பெயர். அதிகாரிகளின் வாள்கள் 1934, 1938 மாதிரிகளைச் சேர்ந்தவை. அவற்றின் கைப்பிடி மரம். மரத்தின் மேல் திருக்கை மீனின் தோல், தோலின் மேல் உண்மையான நாடா. பரம்பரைக் கத்தியை இராணுவக் கைப்பிடியில் பொருத்திக் கொண்டுவந்தவர்களும் அதிகாரிகள்தான். 95ஆம் ரகத்துக் கத்தி தொழிற்சாலையில் இயந்திரத்தில் செய்யப்பட்டது. அதற்குப் பரம்பரை கிடையாது.

ஆனால் விற்பவர் தவறாகச் சொன்னதாலேயே வாள் போலி என்று ஆகிவிடாது. அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லியிருக்கலாம். கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பொருளைப் பாருங்கள்.

எனக்கு மூன்று இடங்களின் படம் வேண்டும். கத்தியில் உள்ள எண். உறையின் வாய்ப்பகுதியில் அடித்திருக்க வேண்டிய எண். கத்தியின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் பள்ளம் தொடங்கும் இடமும் முடியும் இடமும். பகல் வெளிச்சத்தில், சாய்த்துப் பிடித்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம், அது எல்லாப் பள்ளங்களையும் நிரப்பிவிடும்.

செந்தூல் சேகரிப்பு
செவ்வாய், காலை 7.10

வாளைப் பற்றி அண்ணன் சொல்வார். நான் சொல்ல வந்தது அந்த "ஞாயிற்றுக்கிழமைக்குள்" என்ற வார்த்தையைப் பற்றி. எண்பது வருடம் காத்திருந்த பொருள் இன்னும் ஒரு வாரம் காத்திருக்காதா? என்னிடமும் ஒருவர் இப்படித்தான் சொன்னார். அவர் விற்றது பிரிட்டிஷ் பொதுச் சேவைப் பதக்கம், ஊதா ரிப்பனில் நடுவே பச்சைக் கோடு, மேலே 'மலாயா' என்ற பட்டை. மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியின்போது, 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரையிலான அவசரகாலச் சேவைக்குக் கொடுத்தது. விளிம்பில் ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது. என் அப்பாவும் அந்தக் காலத்தில் தோட்டத்தில் சிறப்புக் காவலராக இருந்தவர் என்பதால் பெயரைப் பார்த்ததும் மனம் இளகிவிட்டது.

வீட்டுக்கு வந்து கலிப்பரால் அளந்தேன். இடமிருந்து வலம் 36 மில்லிமீட்டர், இருக்க வேண்டிய அளவு. மேலிருந்து கீழ், அதாவது பெயர் பொறித்த பகுதி வழியாக, 35.5. யாரோ பழைய பெயரை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, விலை போகும் பெயரை அடித்திருக்கிறார்கள். பதக்கம் அசல், வெள்ளி அசல், ரிப்பன்கூட அசல். பெயர் மட்டும் பொய். தேய்த்த இடத்தை லென்ஸில் பார்த்தால் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். மற்ற விளிம்பில் அந்தக் கீறல் இல்லை.

அந்தப் பதக்கத்தில் முதலில் இருந்தவரின் பெயரை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பணத்தைவிட எனக்கு அதுதான் இன்றும் வலிக்கிறது.

பட்டர்வொர்த்வாசி
செவ்வாய், இரவு 8.55

மதிய உணவு நேரத்தில் கடைக்குப் போய்ப் படம் எடுத்தேன், மேலே இணைத்திருக்கிறேன். கத்தியில் ஐந்து இலக்க எண். அதன் பக்கத்தில் ஒரு சிறிய சீன எழுத்து. உறையின் வாயிலும் ஐந்து இலக்க எண், ஆனால் வேறு எண். இதைக் காட்டிக் கேட்டதும் அவர், "ஜப்பான்காரன் அவசரத்தில் மாற்றி அடித்திருப்பான்" என்றார்.

பழையவாள்
செவ்வாய், இரவு 10.40

பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். அந்தச் சிறிய எழுத்து 'கிழக்கு' என்ற எழுத்து, தோக்கியோ படைக்கலச்சாலையின் சோதனை முத்திரை. எண்களின் அடிப்பகுதி கூர்மையாக உள்ளே இறங்கியிருக்கிறது. ஒவ்வோர் எண்ணைச் சுற்றியும் உலோகம் மிக லேசாக மேடு தட்டியிருக்கிறது. அச்சு வைத்துச் சம்மட்டியால் அடித்தால்தான் அப்படி வரும். வார்த்து எடுத்த போலியில் எண்ணின் அடி சோப்பில் எழுதியது போல வழுக்கென்று இருக்கும், மேடு இருக்காது. நீளப் பள்ளமும் இரண்டு பக்கத்திலும் ஒரே இடத்தில், ஒரே வளைவில் முடிகிறது. போலிகளில் பெரும்பாலும் பிசகுவது இந்த இடம்தான்: ஒரு பக்கப் பள்ளம் நீண்டும் மறுபக்கப் பள்ளம் குறைந்தும் இருக்கும், முடிவில் கோணலாகும்.

என் கணிப்பு: கத்தி அசல். உறையும் அசலாக இருக்கலாம், ஆனால் இந்த வாளுக்கு உரியது அல்ல. சரணடைந்தபோது வாள்களைக் குவியல் குவியலாகப் போட்டார்கள்; அங்கேயே மாறியிருக்கலாம். போன மாதம் ஒரு வியாபாரியும் மாற்றியிருக்கலாம். படத்தில் அதைச் சொல்ல முடியாது. எண் பொருந்தாத உறை பொருளைப் போலியாக்காது, விலையைக் குறைக்கும். அசலா என்பது ஒரு கேள்வி, தரம் எப்படி என்பது வேறு கேள்வி. நம்மில் பலர் முதல் கேள்விக்கு 'ஆம்' கிடைத்ததும் இரண்டாவதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

எனக்குச் சந்தேகம் கைப்பிடியில்தான். பழுப்பு வண்ணம் மிக அழகாக இருக்கிறது. அடுத்த முறை போகும்போது கைப்பிடியில் உள்ள திருகின் தலையை லென்ஸில் பாருங்கள். திருகின் வெட்டுக்குள் வண்ணம் நிரம்பியிருந்தால், அடிபட்ட பள்ளங்களுக்குள்ளும் வண்ணம் இறங்கியிருந்தால், பூச்சு அடிபட்டதற்குப் பிறகு வந்தது. பழைய பூச்சு கை படும் மேட்டில் தேய்ந்து, பள்ளத்தில் தங்கி, இடையே அழுக்கேறியிருக்கும். பூச்சு தேய்ந்து கைப்பிடியின் அலுமினியம் தெரியும் இடம் பளபளக்காது, சாம்பல் நிறத்தில் மங்கியிருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை
புதன், மாலை 5.30

எல்லோரும் வாளைப் பற்றியே பேசுகிறீர்கள், தம்பியின் மனம் பதக்கத்தில் அல்லவா இருக்கிறது?

ஆசாத் ஹிந்த் பதக்கங்களை நேதாஜி ஜெர்மனியில் இருந்தபோது 1942இல் ஏற்படுத்தினார். அவற்றைச் செய்தது வியன்னாவில் இருந்த சூவால் என்ற பட்டறை. போர் முடிந்த பிறகும் அதே பட்டறை சேகரிப்பாளர்களுக்காக மீண்டும் அடித்து விற்றது. அதனால் இந்தப் பதக்கத்தில் மூன்று வகை புழங்குகிறது: போர்க்காலத்தில் அடித்தது, பின்னாளில் அதே பட்டறை அடித்தது, இவற்றைப் பார்த்து மற்றவர்கள் வார்த்தது. முதல் இரண்டையும் பிரித்துச் சொல்வது நிபுணர்களுக்கே கடினம். மூன்றாவதை மட்டும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

உங்கள் பாட்டி சேர்ந்த படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் தொடங்கியது. ஐரோப்பாவில் செய்த பதக்கம் ஒன்று கெடாவில் தோட்ட லயத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டுமானால், அது எந்த வழியில் வந்தது என்று யாராவது காட்ட வேண்டும். "ஒரு தமிழ்க் குடும்பம்" என்பது வழி அல்ல. எந்தக் குடும்பம், யார் விற்றார்கள், கூடவே கடிதமோ படமோ வந்ததா என்று கேட்டீர்களா?

கிள்ளான் வாசகன்
புதன், இரவு 9.15

மன்னிக்க வேண்டும் அக்கா, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நம் மக்களிடம் காகிதம் எங்கே இருந்தது? ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குக் கூலி வேலைக்குப் போனவர்களில் எத்தனை பேருக்குக் காகிதம் இருக்கிறது? பெயர்கூடப் பதியாமல் செத்தார்கள். வாய்மொழிதான் நம் ஆவணம். என் பெரியப்பா நேதாஜி படையில் இருந்தவர். அவர் வைத்திருந்த சட்டைச் சின்னத்தைத் தீபாவளிக்கு வந்த ஒருவர் கையில் வாங்கிப் பார்த்து, "இது புதியது" என்று சொல்லிவிட்டார். பெரியப்பா அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, கடைசி வரைக்கும். லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைப் பொய்யர் ஆக்குவதுதான் சேகரிப்பா?

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை
புதன், இரவு 10.50

தம்பி, உங்கள் பெரியப்பாவுக்கு நேர்ந்தது தவறு. அந்த மனிதர் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டியதை மனிதரின் மேல் சொல்லிவிட்டார். படையில் இருந்த ஒருவர் பின்னாளில், ஆண்டு விழாவுக்காகச் செய்த சின்னத்தை வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டிருக்கலாம். சின்னம் புதியது, அவர் பட்ட பாடு பழையது. முதலாவது உண்மை என்பதால் இரண்டாவது பொய்யாகாது.

ஆனால் அதே நியாயம் எதிர்ப்பக்கமும் செல்லும். பாட்டியின் சேவை உண்மை என்பதால், விற்பவரின் மேசையில் இருந்த நட்சத்திரம் உண்மையாகிவிடாது. நம் வீட்டுக் கதையின் ஈரத்தை அவர் தன் சரக்குக்குத் தடவி விற்கிறார். பினாங்கில் அது மிக எளிது, ஏனென்றால் இங்கே நடந்தவை அத்தனையும் நம்பும்படியானவை. 1943, 44இல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் இங்கே தளம் அமைத்திருந்தது உண்மை. அதைச் சொல்லி விற்கும் ஜெர்மானியக் கடற்படைச் சின்னங்களில் எத்தனை போலி என்று பழையவாள் ஐயாவைக் கேளுங்கள்.

நானும் ஒரு முறை மறுபக்கம் தவறியிருக்கிறேன். ஜப்பான்காரன் காலத்துத் துணித்தொப்பி ஒன்று என்னிடம் வந்தது. புற ஊதா விளக்கில் பார்த்தேன், நீலமாக ஒளிர்ந்தது. துணியையும் காகிதத்தையும் வெளுப்பாகக் காட்டும் இரசாயனம்தான் அப்படி ஒளிரும்; அது 1950களுக்குப் பிறகே பரவலானது. எனவே போலி என்று ஒதுக்கிவிட்டேன். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, கொடுத்த வீட்டு அம்மா அதை இரண்டு முறை சலவைத் தூளில் ஊற வைத்துத் துவைத்திருக்கிறார். அந்த இரசாயனம் சலவைத் தூளிலும் இருக்கிறது. பிறகு தையலின் உட்புறத்தில் தொங்கிய ஒரு நூலின் நுனியை எரித்துப் பார்த்தேன். காகிதம் போல எரிந்து சாம்பலானது. பாலியெஸ்டர் என்றால் உருகிக் கருப்பு மணியாகத் திரண்டிருக்கும். பருத்தி நூல் என்பதால் மட்டும் அது அசல் என்று நான் சொல்ல மாட்டேன், இன்றும் பருத்தி நூல் கிடைக்கிறது. இந்தச் சோதனைகள் எல்லாம் தள்ளுவதற்குத்தான் உதவும். ஒன்றை ஏற்பதற்குப் பல சான்றுகள் ஒரே பக்கம் சாய வேண்டும்.

கிள்ளான் வாசகன்
வியாழன், காலை 6.45

புரிகிறது அக்கா. பெரியப்பாவின் சின்னம் இப்போது என் அண்ணனிடம் இருக்கிறது. அதை யாரிடமும் சோதிக்கக் கொடுக்க மாட்டோம். அதில் உறுதியாக இருக்கிறேன்.

தைப்பிங் மழை
வியாழன், காலை 11.20

இரண்டு செய்திகள் மட்டும். பிரிட்டிஷ் தொப்பிச் சின்னம் வாங்குவோர் அதில் உள்ள கிரீடத்தைப் பாருங்கள். 1952 வரை மன்னர் காலத்துக் கிரீடம், மேல் வளைவுகள் உருண்டு எழும்பியிருக்கும். எலிசபெத் அரசி காலத்தில் வந்த கிரீடத்தில் வளைவுகள் நடுவில் சற்றுத் தாழும். "1941இல் ஜித்ராவில் கிடைத்தது" என்று சொல்லி அரசி கிரீடத்தோடு ஒன்றை என்னிடம் நீட்டினார்கள். பேசவே தேவை இருக்கவில்லை.

மற்றொன்று சட்டம். தோட்டா ஒன்றே ஒன்று என்றாலும் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் குற்றம். வாளை வாங்கினால் அதை மூடிக் கட்டாமல் கையில் பிடித்தபடி பெர்ரியில் ஏறாதீர்கள்; தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் அதை ஏந்திப் போனால் வழக்கு வரும். காட்டில் குண்டு போல எதையாவது கண்டால் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்வாசி
சனி, மாலை 4.05

இன்று காலை லென்ஸோடு போனேன். பழையவாள் ஐயா சொன்னதுதான் நடந்திருக்கிறது. திருகின் வெட்டு முழுவதும் பழுப்பு வண்ணம். கைப்பிடியின் அடியில் ஒரு பெரிய நசுங்கல், அதன் உள்ளேயும் வண்ணம். மூக்கருகே கொண்டுபோனபோது லேசாகத் தின்னர் வாசனைகூட வந்தது. கத்தியையும் நன்றாகத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். சீன எழுத்தின் ஒரு கோடு பாதி காணாமல் போயிருக்கிறது. 1,800 தருகிறேன் என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வாளை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

பதக்கத்தை நேற்று இரவே பார்த்துவிட்டேன். கதிர்களின் இடுக்கில் ஊசி முனை அளவில் சிறுசிறு குழிகள். பின்பக்கம் முழுவதும் மணல் தூவியது போல இருக்கிறது. விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடுகிறது, அதை அரத்தால் தட்டி மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். பச்சைக் களிம்பு ஏறியிருந்தது அல்லவா, நகத்தால் சுரண்டினேன். தூளாக உதிர்ந்தது, அடியில் புதுப் பித்தளை மஞ்சள்.

செந்தூல் சேகரிப்பு
சனி, மாலை 5.30

வார்ப்புதான் தம்பி. அச்சில் அடித்த உலோகத்தில் காற்றுக் குமிழ் வராது. உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால் வார்ப்பு அசலைவிடச் சற்றுச் சிறிதாகவும் இருக்கும், கோடுகள் மழுங்கும். மெதுவாக ஏறிய களிம்பு உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்துக்கு வராது. உப்பும் வினிகரும் தடவி இரண்டு நாளில் ஏற்றியது இப்படித்தான் உதிரும்.

மற்றவர்களுக்காகவும் ஒன்று சொல்கிறேன். பதக்கம் வெள்ளிதானா என்று சந்தேகம் வந்தால் உரசிப் பார்க்காதீர்கள். சமையலறை மின் தராசில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்ஜியமாக்குங்கள். பதக்கத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். தராசு காட்டும் எடையால் பதக்கத்தின் உண்மையான எடையை வகுத்தால் அடர்த்தி வரும். வெள்ளி என்றால் பத்துக்குச் சற்று மேல். செம்பும் நிக்கலும் கலந்தது என்றால் ஒன்பதுக்குச் சற்றுக் கீழ். ஒரு கிராமுக்குக் கீழே காட்டாத தராசு இதற்கு உதவாது. ரிப்பனைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், முடித்ததும் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள்.

பழையவாள்
சனி, இரவு 9.00

1,800 என்பது நியாயமான விலைதான். இந்த நிலையில் நானும் அதற்கு மேல் கொடுத்திருக்க மாட்டேன். வண்ணம் உரிந்து, அழுக்கேறி, எண் பொருந்திய வாளாக இருந்தால் 3,800 கேட்டாலும் உட்கார்ந்து பேசலாம். மெருகேற்றுவதால் பொருள் அழகாகிறது என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். எண்பது வருடத்தில் வந்த மேற்பரப்பைப் பத்து நிமிடத்தில் அழித்துவிட்டு, அதற்குக் கூலியும் சேர்த்துக் கேட்கிறார்கள். என் மாமா ஒருவர் ஒவ்வொரு பொங்கலுக்கும் பித்தளைப் பாத்திரங்களோடு தன் அப்பாவின் பர்மா நட்சத்திரத்தையும் பிராஸ்ஸோ போட்டுத் துலக்குவார். இப்போது அதன் நடுவில் மன்னரின் முத்திரை எழுத்துகள் விரல் நுனிக்கே தெரிவதில்லை.

பட்டர்வொர்த்வாசி
ஞாயிறு, இரவு 8.20

அந்தக் கோலாலம்பூர் ஆள் வந்தாரா என்று தெரியாது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. பதக்கத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தேன், முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஆசிரியை அக்கா கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இன்று அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன். பாட்டி எந்தப் பதக்கமும் வாங்கியதில்லை என்றார். பாட்டிக்கு முகாமில் கொடுத்த அரைக்கால் சட்டையைப் பற்றித்தான் பேச்சாம். தோட்டத்தில் புடவையைத் தவிர வேறு உடுத்தாதவர், முதல் நாள் கூடாரத்தை விட்டு வெளியே வர மறுத்து உட்கார்ந்திருந்தாராம். வயதான பிறகும் வானொலியில் 'ஜெய் ஹிந்த்' என்று கேட்டால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு எழுந்து நிற்பாராம். இது எதுவும் எனக்குத் தெரியாது. நாற்பது நிமிடம் பதிவு செய்திருக்கிறேன். தொடக்கத்தில் தேதியையும், அம்மாவின் பெயரையும், பாட்டி இருந்த தோட்டத்தின் பெயரையும் சொல்லிப் பதிந்தேன்.

பதக்கத்தை எறிய மனம் வரவில்லை, விற்கவும் மாட்டேன். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, "வார்ப்புப் போலி. ஜார்ஜ் டவுனில் 650 ரிங்கிட்டுக்கு வாங்கியது. பாட்டியுடையது அல்ல" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நாளை என் பெண் இதை எடுத்துப் பார்த்து வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை
ஞாயிறு, இரவு 9.05

அந்தப் பதிவை இன்று இரவே இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள் தம்பி. அடுத்த வாரம் அம்மாவிடம் இன்னொரு முறை உட்காருங்கள். முகாமில் பாட்டியோடு இருந்தவர்களின் பெயர்களைக் கேளுங்கள்.

பிளாஸ்டிக் உறை வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் மலிவான பிளாஸ்டிக் வியர்த்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். காகித உறையில் போட்டு, எழுதியதைப் பென்சிலில் எழுதுங்கள். மை பத்து வருடத்தில் மங்கிவிடும்.